கழிக்காத எடை

பாராசூட் வாங்குகிற மற்றவர்கள் எங்கே வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கொழுந்து மடுவத்தில் வைத்து முடிவெடுத்தேன். இலங்கையில் பெல்மதுளையிலிருந்து கொடகவெல போகும் பாதையில் இறங்கி, றப்பர் மலையைத் தாண்டித் தேயிலைக்குள் ஏறினால் எங்கள் தோட்டம். பறித்த கொழுந்தை நிறுக்கிற அந்த மடுவத்தில், கொழுந்துத் தராசில் தொங்கிக்கொண்டு, கணக்கப்பிள்ளையோடு வாய்ச்சண்டை போட்டுத்தான் அதைத் தெரிவு செய்தேன். நான் குதிக்கப் பழகிய பாராசூட் கிளப்பில் இருந்தவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருத்தி விமானத்திலிருந்து குதித்தாள் என்றால், கேட்கிறவர்கள் வாயில் முதலில் வருவது "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்ற கேள்விதான். ஊரிலும் கேட்டார்கள், வெளிநாட்டிலும் கேட்டார்கள். வங்கியில் வேலை செய்கிறவரிடமோ விமானம் ஓட்டுகிறவரிடமோ யாரும் அப்படிக் கேட்டதை நான் பார்த்ததில்லை. அவர்கள் குதித்தால் பொழுதுபோக்கு, நான் குதித்தால் கொழுப்பு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். ஆசைப்பட்டேன், குதித்தேன். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போனேன். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா ஒருத்தி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய் வந்து வீடு ஓடவில்லை. எனக்குக் கிடைத்தது கென்டீன் வேலை. பாலைவனத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு விமான ஓடுபாதை, அதன் பக்கத்தில் ஒரு பாராசூட் கிளப், அந்தக் கிளப்புக்கு ஒரு கென்டீன். தேத்தண்ணி ஊற்றுவதும் கோப்பை கழுவுவதும் என் வேலை. சிலோன் தேயிலையும் சிலோன் பெண்ணும் சேர்ந்தே வந்திருக்கிறது என்று பகிடி பண்ணுவார்கள். இது என் அம்மா பறித்த கொழுந்தாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஊற்றுவேன். பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

கோப்பை கழுவும் இடத்துக்கு நேரே ஒரு ஜன்னல். ஆட்கள் வானத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்குவதை அதன் வழியே பார்ப்பேன். முதலில் பயமாக இருந்தது. பிறகு ஆசையாக இருந்தது. அதற்கும் பிறகு கோபம் வந்தது. விமானத்தில் சில நாட்களில் ஓர் இடம் காலியாகவே போகும். அந்தக் காலி இடம் மேலே போய் வருகிறது, நான் இங்கே கோப்பை கழுவுகிறேன். ஒரு நாள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போய், அந்த இடத்தை எனக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. அவர் நியூசிலாந்துக்காரி, ஐம்பது வயதிருக்கும், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார், உள்ளே போனார், ஒரு பயிற்சி உடுப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். முதலில் தன் உடம்போடு என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். பிறகு பக்கத்தில் பிடித்துக்கொண்டு குதித்தார். அதன் பிறகு நான் தனியாகக் குதித்தேன்.

கிளப்பின் வாடகைப் பையோடு குதித்துப் பழகுகிறவர்கள் ஒரு கட்டத்தில் சொந்தமாக வாங்கவேண்டும். முதுகில் மாட்டுகிற பையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. விஷயமெல்லாம் அதற்குள் மடித்து வைக்கிற துணியில் இருக்கிறது. அதை அவர்கள் கெனப்பி என்பார்கள். நான் மனதுக்குள் குடை என்றே சொல்லிக்கொள்வேன். குடை பெரிதாக இருந்தால் நிதானமாக இறங்கும், திருப்பினால் ஆறுதலாகத் திரும்பும். சின்னதாக இருந்தால் வேகம், கயிற்றை லேசாக இழுத்தாலே சுழலும். நிலத்துக்குக் கிட்ட வந்து ஒரு பிழை விட்டால் பெரிய குடை பொறுத்துக்கொள்ளும், சின்னக் குடை காலை முறித்துவிடும். இதை எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவசரப்பட்டுச் சின்னக் குடைக்குப் போனவர்கள் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கென்டீனில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய மேசைக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தானே.

எனக்கு முன்னால் இரண்டு குடைகள் இருந்தன. ஒன்று, வங்கியில் பெரிய வேலையில் இருந்த ஓர் இளைஞருடையது. நூற்றிருபது சதுர அடி, நல்ல சிவப்பு, விரித்தால் இன்றைக்குத்தான் கடையிலிருந்து எடுத்தது போல மினுங்கும். அவர் இதைவிடச் சின்னதுக்கு மாறப்போகிறார், அதனால் இதை விற்கிறார். மற்றது பயிற்சியாளரின் பழைய குடை. நூற்றெழுபது சதுர அடி, ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கலாம், நான் பார்க்கும்போது ஊறவைத்த பருப்பின் நிறத்தில் இருந்தது. இந்த மாதிரிப் பெரிய குடைகளுக்குக் கிளப்பில் "பஸ்" என்று பெயர். பஸ்ஸில் இறங்குகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிவப்புக் குடையில் ஒருவர் சீறிக்கொண்டு இறங்கினால் கென்டீனில் இருக்கிறவர்கள் எல்லாம் எழுந்து வெளியே வருவார்கள்.

எனக்குச் சிவப்புத்தான் வேண்டும் என்று இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? தேத்தண்ணி ஊற்றுகிறவள் பஸ்ஸில் இறங்கினால், அவளுக்கு அதுதான் சரி என்று நினைப்பார்கள். அந்த நினைப்பில் மண்ணைப் போட வேண்டும் என்று எனக்குப் பல்லைக் கடிக்கிற ஆத்திரம்.

பயிற்சியாளர் ஒரே ஒரு கணக்குச் சொன்னார். விமானத்தை விட்டு வெளியேறும்போது உன் எடை எத்தனை பவுண்டோ, குடையின் சதுர அடி அதைவிடக் குறையக் கூடாது. புதியவள் என்றபடியால் நன்றாகவே கூடியிருக்க வேண்டும். லீவுக்கு ஊருக்குப் போய் வா, அதற்குள் முடிவு செய், இரண்டும் இங்கேயே இருக்கும் என்றார். அதுவரை வாடகைப் பைதான், எனக்கு எந்த அளவு என்பதை அவரே எடுத்துத் தந்துவிடுவார். நானாகக் கணக்குப் பார்க்க வேண்டி வந்தது அதுதான் முதல் தடவை.

அது நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த காலம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை ஓர் இடத்திலும் என் பையைத் திறக்கச் சொல்லவில்லை. சில வருடம் முந்தியோ பிந்தியோ என்றால், அதற்குள் இருந்த உடுப்பையும் ஹெல்மெட்டையும் பார்த்துவிட்டு ஒரு தமிழ்ப் பெண்ணை என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். அம்மாவும் கேட்டாள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் என்றேன். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் கென்டீன் மட்டும்தான்.

கொஞ்ச நாளில் பெல்மதுளைச் சந்தியில் இருந்த கொமினிகேஷன் கடைக்குப் போய் ஈமெயில் பார்த்தேன். வங்கிக்காரர் எழுதியிருந்தார். வேறொருவர் சிவப்பைக் கேட்கிறார், உன் எடையை உடனே அனுப்பு, சரிவந்தால் உனக்கே வைக்கிறேன் என்று. குடையின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். படம் மேலேயிருந்து கீழே ஒரு வரி ஒரு வரியாகத் திறந்தது. கடைக்கார அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மே மொகக்த நங்கி?", இது என்ன தங்கச்சி என்று கேட்டார். பாராசூட் என்று சிங்களத்தில் சொன்னேன். எதற்கு என்றார். எனக்கு என்றேன். அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கிளப்பில் நிறுத்தது பழைய எடை. லீவுக்கு வந்து அம்மாவின் சோறும் சம்பலும் தின்றதில் கன்னம் வேறு வைத்திருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தது கைப்பிள்ளைகளை நிறுக்கிற தராசு. பெரிய ஆளை நிறுக்கக்கூடிய தராசு தோட்டத்தில் ஒன்றுதான் உண்டு. அது மடுவத்தில், கூரைச் சலாகையில் தொங்கிக்கொண்டிருக்கும். வட்ட முகம், நடுவில் ஒரு முள், கீழே ஒரு கொக்கி. பெண்கள் கொழுந்துப் பையைக் கொக்கியில் மாட்டுவார்கள், கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார், பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று மனதுக்குள்ளேயே கழிப்பார், மிச்சத்தைச் சொல்லுவார். அவர் வாயால் சொல்வதுதான் எடை. முள் என்ன காட்டியது என்று எங்கள் ஆட்கள் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. நான் அந்த மடுவத்தில் வளர்ந்தவள். எடை என்றால் கழித்த பிறகு மிஞ்சுவது என்றுதான் என் மூளையிலும் பதிந்திருந்தது.

அந்தி நிறுவை முடிகிற நேரத்தில் போனேன். சாக்கு ஒன்றைத் தொட்டில் மாதிரிக் கட்டிக் கொக்கியில் மாட்டி, அதற்குள் ஏறிக் குந்தினேன். பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முற்றின கொழுந்து, தொரை பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார் என்றாள் ஒருத்தி. கணக்கப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். நாற்பது வருடம் அதே மடுவத்தில் நின்ற மனிதர். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை, நல்லவர் என்று சொல்ல அம்மா விடமாட்டாள். "என்னா புள்ள, ஒன்னையும் பெக்டரிக்கு அனுப்பிறவா?" என்று கேட்டுவிட்டு முள்ளைப் பார்த்து, உடுப்புக்கும் சாக்குக்கும் இரண்டு கழித்து நாற்பத்தைந்து கிலோ என்றார். நானும் சந்தோஷமாக நாற்பத்தைந்து என்று வாங்கிக்கொண்டேன். எங்கள் தோட்டத்து வயதானவர்கள் பவுண்டை ராத்தல் என்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் நூறு ராத்தல்கூட இல்லை. சிவப்புக் குடைக்குத் தாராளமாக இடம் இருந்தது.

எதற்கு எடை பார்க்கிறாய் என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். வானத்திலிருந்து குதிக்கிறேன், குடை வாங்கப்போகிறேன், அதற்குத்தான் என்று. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இது தேவையா என்றார்கள், சாமிக்கு நேர்ந்துகொண்டதா என்றார்கள், அரபிக்காரன் பலவந்தமாகத் தள்ளிவிடுகிறானா என்றுகூட ஒருத்தி கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் இறங்கி நடந்தாள்.

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைப்பாள், கூப்பிடமாட்டாள். நானும் சளைத்தவள் இல்லை. கூப்பிடாமலேயே போய்ச் சாப்பிட்டேன். பயப்படுகிறாள் என்று தெரியும். எனக்கு ஏதாவது ஆனால் என்னைத் தூக்கிவர அங்கே யார் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் அழுதாளாம். ஆனாலும் விட்டுவிடுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

நாற்பத்தைந்து என்று வங்கிக்காரருக்கு அனுப்பினேன். அடுத்த தடவை சந்திக்குப் போனபோது பதில் வந்திருந்தது. அருமை, இந்தக் குடை உனக்காகவே தைத்தது மாதிரி, இனி இது உன்னுடையது என்று எழுதியிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டே வந்தேன். சிவப்புக் குடையில் நான் சீறிக்கொண்டு இறங்க, கென்டீனில் ஒரு கதிரை மிச்சமில்லாமல் எல்லோரும் எழுந்து வெளியே வருகிற காட்சி கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அம்மா தெப்பலாக நனைந்து மலையிலிருந்து வந்தாள். தலையைத் துவட்டாமலேயே அடுப்புக்கு முன்னால் குந்தினாள். என்னோடு பேசுவதில்லை என்பதால் அடுப்போடு பேசினாள். ஈரம், ஈரம் என்று இன்றைக்கு அள்ளிக் கழித்துவிட்டாராம். மழை பெய்கிற நாளெல்லாம் இந்தப் புலம்பல் எங்கள் வீட்டில் உண்டு. சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன புலம்பல். அன்றைக்கும் அதையேதான் சொன்னாள்:

"தூக்கிட்டு வந்தது நானு. கழிக்கிறது அவரு. கழிச்சதையும் சேத்துத்தானே இந்த மலையில எறங்குனேன்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது.

வெளியேறும்போது எடை. பயிற்சியாளர் சொன்ன வார்த்தை அதுதான். விமானத்திலிருந்து வெளியேறுவது நான் மட்டுமா? என் சப்பாத்து வெளியேறுகிறது, ஹெல்மெட் வெளியேறுகிறது, உடுப்பு வெளியேறுகிறது, முதுகுப் பை, அதற்குள் இருக்கிற குடை, ஆபத்துக்கு வைத்திருக்கிற இரண்டாவது குடை, எல்லாம் வெளியேறுகின்றன. இத்தனையையும் அந்தத் துணிதான் தாங்கி இறக்க வேண்டும். நான் முதுகுப் பையைக் கொழுந்துப் பை மாதிரி நினைத்துவிட்டேன். கொழுந்துப் பையை யாராவது நிறுவையில் சேர்ப்பார்களா? அதைக் கழிப்பதுதானே வழக்கம். கிளப்பில் இருந்த வேறு ஒருவரும் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் யாரும் கழிவு என்ற சொல்லைக் கேட்டு வளரவில்லை.

விரலை மடித்துக் கணக்குப் பார்த்தேன். எல்லாம் சேர்த்தால் நூற்று முப்பது ராத்தலைத் தாண்டியது. சிவப்புக் குடை நூற்றிருபது.

இந்த இடத்தில் நான் உடனே புத்தி தெளிந்து நல்ல பிள்ளையாகிவிட்டேன் என்று எழுதலாம். ஆனால் நடந்தது அதுவல்ல. எனக்கு வந்தது கோபம். அம்மா மேல் கோபம், ஏன் அதைச் சொன்னாள் என்று. ராத்தல் மேல் கோபம். கணக்கு என் தலைக்குள் மட்டும்தானே இருக்கிறது, வெளியே யாருக்குத் தெரியும் என்று ஒரு யோசனை வந்தது. கொஞ்சம்தானே கூட, கவனமாக இறங்கினால் போயிற்று என்று இன்னொரு யோசனை. பஸ்ஸைத் தெரிவு செய்தால் பயந்துவிட்டாள் என்று வங்கிக்காரர் ஊரெல்லாம் சொல்வார் என்பது மூன்றாவது. எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் ஒன்று பளிச்சென்று விளங்கியது. என் எடையைக் குறைத்துச் சொல்ல இதுவரை கணக்கப்பிள்ளை தேவைப்பட்டார், இப்போது அந்த வேலையை நானே செய்யப் பார்க்கிறேன். அது விளங்கியதும் எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த நாள் கடையில் பன்னிரண்டு கிலோ அரிசி நிறுத்து வாங்கினேன். வாடகைப் பையின் பாரம் எனக்கு முதுகில் பழக்கம், அது அவ்வளவுதான் இருக்கும். அரிசியை அம்மாவின் கொழுந்துப் பை ஒன்றில் கட்டினேன். குதிக்கிற உடுப்பைப் போட்டேன், சப்பாத்தைப் போட்டேன், ஹெல்மெட்டையும் மாட்டினேன், அரிசிப் பையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மடுவத்துக்கு ஏறினேன். அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது, மழை தூறிக்கொண்டிருந்தது. நாய்கூடக் குரைத்தது. பெண்கள் வழி விட்டார்கள். முந்தின தடவை சிரித்தவர்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

சாக்குத் தொட்டிலில் ஏறிக் குந்தினேன். சலாகை முனகியது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். பழக்கம் வாயில் தானாக வந்தது. பைக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு என்று ஆரம்பித்தார்.

"கழிக்காதீங்க ஐயா. ஆகாசத்துலேருந்து எறங்குறப்ப இதெல்லாம் சேத்துத்தான் நான் எறங்குறேன். முள்ளு எதைக் காட்டுதோ அதைச் சொல்லுங்க."

அப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை என்றார். எனக்காக ஒரு தடவை சொல்லுங்கள் என்றேன். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள், இறங்கு என்றார். சொன்னால் இறங்குகிறேன் என்று தொங்கிக்கொண்டே இருந்தேன். ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது, கால் மரத்துப்போனது, அசையவில்லை. அவருக்கும் வேறு வழியில்லை. நான் இறங்கினால்தான் கொழுந்து நிறுக்கலாம், கொழுந்து நிறுத்தால்தான் லொறி போகலாம். கடைசியில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அறுபத்தொன்னு" என்றார். அந்த மடுவத்தில் முள் காட்டியது முழுதாக வாயால் வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் நின்றவள் பையைக் கொக்கியில் மாட்டினாள். அது யார் என்று ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் பார்த்தேன். அம்மா. அத்தனை நாளும் என்னிடம் ஒரு சொல் பேசாதவள், இப்போதும் என்னிடம் பேசவில்லை. கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னதையும் முழுசாச் சொல்லுங்க. மலையிலேருந்து நானும் பையோடதான் எறங்குனேன்."

உன் மகளுக்குத்தான் பைத்தியம் என்று நினைத்தேன், உனக்குமா என்றார் அவர். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அப்படியே நின்றார்கள். அவர் முழு எடையைச் சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம்போல் கழித்தார்தான். அதை நான் மறைக்கப்போவதில்லை, ஒரு நாள் வாய்ச்சண்டையில் தோட்டம் மாறிவிடாது. ஆனால் எவ்வளவு கழிக்கிறார் என்பது அன்றைக்கு எல்லோர் காதிலும் விழுந்தது. அடுத்தவளும் முழு எடையைக் கேட்டாள், அதற்கு அடுத்தவளும் கேட்டாள். நான் லீவு முடிந்து போகும்வரை கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் உரத்துச் சொல்லிவிட்டுக் கழிப்பது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஈரத்துக்குக் கழிப்பது கொஞ்சம் இளகியது.

வீட்டுக்கு இறங்கும்போது அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். பாதி வழியில் நின்று, அரிசிப் பையைத் தா என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. எந்தக் குடை பெரிது என்று கேட்டாள். பழைய குடை என்றேன். அப்படியென்றால் அதை வாங்கு என்றாள். குதிக்காதே என்று சொல்லவில்லை. அவளால் அதைச் சொல்லாமல் இருக்க முடிந்தது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

வங்கிக்காரருக்கு எழுதினேன். என் எடையைத் தவறாகச் சொல்லிவிட்டேன், எல்லாம் சேர்த்து அறுபத்தொன்று, உங்கள் குடை வேண்டாம் என்று. அவருடைய பதிலில் பாதி சிரிப்பு. பயந்துவிட்டாயா, உன்னை மாதிரி மெலிந்த பெண்கள் இதற்கும் சின்னதில் பறக்கிறார்கள், நாலு தடவை குதித்தால் பஸ் அலுத்துவிடும், அப்போது சிவப்பு இருக்காது என்று எழுதியிருந்தார். அலுத்தால் அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். ஆனால் அந்தச் சிவப்பின் படத்தை மூடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் உண்மை.

திரும்பிப் போனதும் பயிற்சியாளரிடம் அறுபத்தொன்று என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பருப்பு நிறக் குடையை மேசையில் வைத்தார். இருவரும் விரித்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தோம். மடித்து என் முதுகில் ஏற்றிக்கொண்டபோது எனக்குப் பெரிய பூரிப்பெல்லாம் வரவில்லை. இது எனக்குரியது, இதைத் தெரிவு செய்தது நான் என்ற ஒரு பிடிவாதம் மட்டும் இருந்தது.

அன்றைக்குக் காற்று நன்றாக அடங்கியிருந்தது. என்னோடு குதித்தவர்கள் சின்னக் குடைகளில் சர்ரென்று இறங்கி, துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கென்டீன் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் இன்னும் வானத்தில் இருந்தேன். கீழே சிலர் அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டிச் சிரிப்பது தெரிந்தது. வங்கிக்காரரும் அங்கே நின்றார். பழைய ஆளாக இருந்திருந்தால் வெட்கத்தில் எப்படியாவது சீக்கிரம் இறங்கப் பார்த்திருப்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று, உயரம் மிச்சமிருந்ததால் இன்னும் ஒரு வட்டம் போட்டேன். பிறகு காற்றுக்கு எதிரே முகத்தைத் திருப்பி, நேரம் பார்த்து இரண்டு கயிறுகளையும் இடுப்புவரை இழுத்தேன். குடை ஒரு கணம் நின்றது. கால் மணலில் பட்டது. ஓடவுமில்லை, விழவுமில்லை, நின்றேன்.

துணியை அள்ளிக்கொண்டு நடந்தபோது வங்கிக்காரர் எதிரே வந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன், இது உனக்கு ரொம்பப் பெரிது என்றார். நான் நின்று அவர் முகத்தைப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: நான் சுமக்கிற பாரத்துக்கு இது அளவுதான், உங்கள் கண்ணுக்குத் தெரிகிற என்னை வைத்து அளக்காதீர்கள்.

என் வேலை நேரம் தொடங்கிவிட்டிருந்தது. குடையை மூலையில் வைத்துவிட்டு, உடுப்புக்கு மேலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினேன். வரிசையில் நின்ற ஆட்களுக்கு மேலால் ஒரு கை கோப்பையை நீட்டியது, வங்கிக்காரருடைய கை. வரிசையில் வரச் சொன்னேன். வந்தார்.